அடைக்கலமாக வந்த உடல்

2019 ஜூனில் ஒடிசாவின் மல்கான்கிரி மாவட்டத் தலைமை மருத்துவமனையில், பச்சிளங்குழந்தைகள் சிகிச்சைப் பிரிவில் பணியிலிருந்த செவிலியர்கள் சிலர் சீருடையோடு ஆடிப்பாடி டிக்டாக்கில் வீடியோ போட்டார்கள். வீடியோ பரவியது. விளக்கம் கேட்டு நோட்டீஸ் போனது. கட்டாய விடுப்பில் அனுப்பப்பட்டார்கள். மறு ஆண்டே டிக்டாக் நாட்டில் தடை செய்யப்பட்டது, பழக்கம் மட்டும் போகவில்லை. 2024 பிப்ரவரியில் கர்நாடகத்தின் கதக் மருத்துவக் கல்லூரியில் மருத்துவமனைக்குள் ரீல்ஸ் எடுத்த 38 மாணவர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். ஒவ்வொரு முறையும் வீடியோ வருகிறது, கொதிப்பு வருகிறது, தண்டனை வருகிறது, பிறகு எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். எது தவறு என்ற கேள்வி கேட்கப்படாமலே போய்விடுகிறது. ஆடியது தவறா? சீருடையில் ஆடியதா? டூட்டி நேரத்தில் ஆடியதா? அந்த ஆட்டத்தால் எந்தக் குழந்தையும் விழித்து அழவில்லை, எந்த மருந்தும் தாமதமாகவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அங்கே ஒரு தவறு மிச்சமிருக்கிறது என்பது என் துணிபு. அது என்ன என்பது சட்டக் கேள்வி ஆவதற்கு வெகுகாலம் முன்பே அறக் கேள்வியாக இருந்தது. சமயங்கள் அதை நன்றாகவே யோசித்து வைத்திருக்கின்றன.

சேலம், நாமக்கல் பக்கத்துக்காரர்களுக்கு இது வெளியூர்ச் செய்தி அல்ல. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைதான் சுற்றுவட்டாரத்து ஏழைகளுக்குக் கடைசிப் புகலிடம். நாமக்கல்லில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. சேலத்திலும் நாமக்கல்லிலும், சின்ன ஊர்களிலும்கூட, நர்சிங் கல்லூரிகள் இருக்கின்றன. விசைத்தறி வீட்டிலிருந்தும் கோழிப்பண்ணை வீட்டிலிருந்தும் லாரிப் பட்டறை வீட்டிலிருந்தும் வரும் பெண்பிள்ளைகள் பதினெட்டு, பத்தொன்பது வயதில் வார்டுக்குள் நுழைகிறார்கள். முன்பின் தெரியாத ஒருவரின் உடலை முழுதாகப் பார்ப்பதும் துடைப்பதும் புரட்டிப் படுக்க வைப்பதும் அவர்களுக்கு வாழ்க்கையில் அதுதான் முதல் முறை. அதற்கு முன் கல்லூரியில் விளக்கேற்றும் விழா நடக்கும். வெள்ளைச் சீருடையில் வரிசையாக நின்று, கையில் சுடரோடு, நைட்டிங்கேல் பெயரிலான உறுதிமொழியை ஒப்பிப்பார்கள். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் 1893-இல் எழுதப்பட்ட உறுதிமொழி அது. பணியில் தெரியவரும் நோயாளியின் சொந்த விஷயங்களையும் குடும்ப விஷயங்களையும் வெளியே விடமாட்டேன் என்ற வாக்கு அதில் இருக்கிறது. இந்திய நர்சிங் கவுன்சிலின் நெறிமுறையும் அதையே சொல்கிறது. ஆனால் ஏன் என்பதை யாரும் அந்தப் பிள்ளைகளுக்கு உட்கார வைத்துச் சொல்வதில்லை. காரணம் சொல்லாமல் கொடுத்த விதி நாளடைவில் ‘மாட்டிக்கொள்ளாதே’ என்று சுருங்கிவிடும். இன்று நடப்பது அதுதான்.

காரணம் என்று நான் நினைப்பது இது. வார்டில் செவிலியர் கண்ணில் படுவது அவருக்கு உரிமையான காட்சி அல்ல. அது அடைக்கலமாக வந்த பொருள். நோயாளி தன் உடலைக் காட்டுவது விரும்பி அல்ல, வேறு வழியில்லாமல். கத்தீட்டர் போட்டுக்கொண்டு படுத்திருப்பவர், பிரசவ வலியில் துணி விலகியது தெரியாமல் கிடப்பவள், மயக்கம் தெளியாத நிலையில் யாரையோ பெயர் சொல்லித் திட்டுகிறவர் எல்லோருமே, தன்னைத் தானே மூடிக்கொள்ளும் சக்தியை இழந்த நேரத்தில் இன்னொருவர் கண்ணெதிரே கிடக்கிறார்கள். குணமாக வேண்டும் என்ற ஒரே நோக்கத்துக்காகத் தரப்பட்ட பார்வை அது. வேறு எதற்குப் பயன்படுத்தினாலும், அதனால் ஒரு தீங்கும் விளையாவிட்டாலும், அது அடைக்கலப் பொருளில் கை வைத்ததுதான். அடைக்கலத்தின் கனம் தமிழ் மனத்துக்குப் புதிதல்ல. சிலப்பதிகாரத்தில் சமணத் துறவி கவுந்தியடிகள் மதுரையின் புறஞ்சேரியில் கண்ணகியை ஆயர்குல மாதரியிடம் அடைக்கலமாக ஒப்படைக்கிறார். கோவலன் கொல்லப்பட்டதில் மாதரிக்கு எந்தப் பங்கும் இல்லை. இருந்தும் அடைக்கலத்தைக் காக்கத் தவறினேன் என்று அவள் தீப் புகுந்தாள் என்று காப்பியம் சொல்கிறது. அவ்வளவு கடுமையான கணக்கை இன்று யாரிடமும் கேட்கக் கூடாது. ஆனால் நம் கையில் ஒப்படைக்கப்பட்டவருக்கு நேர்வதில் ‘நான் ஒன்றும் செய்யவில்லையே’ என்ற பதில் செல்லாது என்று நினைத்த ஒரு சமூகம் இங்கே இருந்தது என்பதற்கு அது சான்று.

பணிவிடை செய்பவரின் கண்ணுக்கும் வாய்க்கும் சமயங்கள் விதித்த கட்டுப்பாட்டை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தால் அவை ஒரே இடத்துக்கு வந்து சேர்வது தெரியும். இறந்தவரின் உடலைக் குளிப்பாட்டுகிறவர், அப்போது கண்ட குறையை வெளியே சொல்லாமல் மறைக்க வேண்டும் என்பது இஸ்லாமிய மரபு. செவிலியரின் நிலைக்கு இதைவிட நெருக்கமான ஒன்றை நான் அறியேன். மய்யித்துக்கு, அதாவது இறந்த உடலுக்கு, வெட்கமில்லை, வழக்குப் போடப்போவதுமில்லை, தெரிந்துகொள்ளவே போவதில்லை. இருந்தும் மறைக்கச் சொல்கிறது மார்க்கம். அப்படியானால் மறைப்பதன் காரணம் நோயாளியின் கோபமோ சட்டத்தின் பயமோ அல்ல. கழுவிய கைக்கே அந்தக் கடமை இருக்கிறது. கத்தோலிக்கத் திருச்சபையில் பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைக் குருவானவர் எந்த நெருக்கடியிலும் வெளியிட முடியாது. 1215-இல் கூடிய நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம் மீறுகிறவரைப் பதவியிலிருந்து நீக்கக் கட்டளையிட்டது. திருக்குறளின் மருந்து அதிகாரம் மருத்துவத்தை நான்காகப் பகுத்து, அதில் ஒரு பங்கை நோயாளிக்கு அருகிருந்து பணிவிடை செய்பவருக்குத் தருகிறது. ஆயுர்வேத நூலாசிரியர் சரகர் அந்தப் பணியாளரின் இலக்கணத்தில் திறமையோடு நோயாளியிடம் பரிவையும் சேர்த்தார்.

இதில் இன்னும் ஆழமாகப் போனது பௌத்தம். சேலம் மாவட்டத்துக்கும் அதற்கும் பழைய உறவு உண்டு. ஆத்தூர் வட்டாரத்துத் தியாகனூரில் பெரிய புத்தர் சிலைகள் இருக்கின்றன. சேலம் பெரியேரியில் தலைவெட்டி முனியப்பன் என்று கும்பிடப்பட்டு வந்த சிலை புத்தருடையது என்று, தொல்லியல் துறையின் அறிக்கையை ஏற்று, 2022-இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிக்குகளின் ஒழுக்க நூலான விநய பிடகத்தில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. வயிற்றுப்போக்கில் தன் மலத்திலேயே கிடந்த பிக்கு ஒருவரைப் பார்க்க மற்ற பிக்குகள் யாரும் வரவில்லை. புத்தரும் ஆனந்தரும் தண்ணீர் கொண்டுவந்து அவரைக் கழுவிப் படுக்கையில் கிடத்தினார்கள். எனக்குப் பணிவிடை செய்ய விரும்புகிறவர் நோயாளிக்குச் செய்யட்டும் என்று புத்தர் சொன்னதும் அங்கேதான். நல்ல பணியாளருக்கு ஐந்து தகுதிகளை அவர் வகுத்தார்: மருந்து தயாரிக்கத் தெரிய வேண்டும், எது ஒத்துக்கொள்ளும் எது ஆகாது என்று அறிய வேண்டும், மலத்தையும் சளியையும் கண்டு அருவருக்கக் கூடாது, நோயாளியின் மனம் தெளியப் பேச வேண்டும், ஆதாயம் கருதாமல் அன்பினால் செய்ய வேண்டும். கடைசியாக நான் வைத்த தகுதியில்தான் நம் கேள்வியின் முடிச்சு இருக்கிறது. ஆதாயம் என்றால் அன்றைக்குச் சீவர ஆடையும் உணவும். இன்றைக்கு லைக்கும் ஃபாலோயரும். ஒருவருக்கு ட்ரிப்ஸ் மாற்றும்போதே அதைப் படமெடுத்து ஸ்டேட்டஸ் வைத்தால், அந்தக் கணத்தில் நோயாளி நோக்கமாக இருப்பதை விட்டுவிட்டு நம் பெருமைக்குப் பின்னணி ஆகிவிடுகிறார். மல்கான்கிரியில் மிச்சமிருந்த தவறு என்று நான் சொன்னது இதைத்தான். பெண்கள் ஆடியதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. இன்குபேட்டரில் கிடந்த குழந்தைகள் மேடைத் திரையானார்கள் என்பதே குறை.

இதெல்லாம் புனிதமான பேச்சு, நடைமுறையில் என்ன வந்தது என்று கேட்பவர்களுக்கு நாமக்கல் மாவட்டமே பதில் வைத்திருக்கிறது. லாரித் தொழிலின் தலைநகரமான நாமக்கல், நாட்டில் எச்.ஐ.வி. பரவல் மிகுந்த மாவட்டங்களில் ஒன்றாக, தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் ‘ஏ’ பிரிவில் வைக்கப்பட்டது. அந்தக் காலத்தில் பரிசோதனைக்கு வருகிறவர் ஊசிக்கு அஞ்சியதைவிட ஊருக்கு அஞ்சியதே அதிகம். முடிவு வெளியே தெரிந்தால் பட்டறையில் வேலை போகும், தங்கைக்கு மாப்பிள்ளை கிடைக்காது, டீக்கடையில் தனி டம்ளர் வரும். அரசு அமைத்த பரிசோதனை நிலையங்களுக்கு நம்பிக்கை மையம் என்று பெயர் வைத்தார்கள். அங்கிருந்த ஆலோசகரும் செவிலியரும் வாயைத் திறக்கமாட்டார்கள் என்ற உறுதியில்தான் ஓட்டுநர்களும் அவர்கள் மனைவியரும் உள்ளே வந்தார்கள். மாத்திரை அதற்குப் பிறகுதான் வேலை செய்தது. ஒரு மையத்திலிருந்து ஒரு பெயர் கசிந்திருந்தால் அந்தச் சுற்று வட்டாரத்தில் எத்தனை பேர் வராமலே இருந்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கலாம். 2017-இல் வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம், நம்பிக்கை அடிப்படையிலான உறவில் தெரியவந்த தகவலை ஒருவரின் சம்மதமில்லாமல் வெளியிடக் கூடாது என்கிறது. அடைக்கலம் என்று நான் மேலே சொன்னதற்குச் சட்டத்தின் வழியில் இதுவே பெயர்.

சேலத்துக்கு இதற்கும் முந்திய பாடம் ஒன்று உண்டு. பெண் சிசுக்கொலை அதிகமாக நடந்த மாவட்டம் இது என்பதால் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-இல் இங்கேதான் தொடங்கப்பட்டது. ஒரு தொட்டில், கேள்வி கேட்காத ஓர் ஆள், வெளியே சொல்லாத ஒரு பெயர். திட்டம் முழுதும் இவற்றின்மேல் நின்றது. பெண் குழந்தையை ஏன் வளர்க்க முடியாமல் போனது என்ற கேள்வியை அது தீர்க்கவில்லை என்ற விமர்சனம் நியாயமானது. ஆனாலும் கள்ளிப்பாலுக்குப் போயிருக்கக்கூடிய குழந்தைகள் உயிரோடு வளர்ந்ததற்கு, கொண்டுவந்து விட்டவள் முகம் காக்கப்பட்டதும் ஒரு காரணம்.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். முகத்தை மறைத்தாயிற்று, பெயர் இல்லை, அப்புறம் என்ன என்பது அடிக்கடி கேட்கும் வாதம். 2010-இல் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் நர்சிங் மாணவிகள் சிலர் பயிற்சியின்போது நஞ்சுக்கொடியோடு எடுத்துக்கொண்ட படத்தை ஃபேஸ்புக்கில் போட்டதால் கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டார்கள். ஒரு மாணவி வழக்குப் போட்டார். யாருடையது என்று அடையாளம் காண முடியாத நஞ்சுக்கொடி, அவருக்குச் சரியான விசாரணையும் தரப்படவில்லை என்று நீதிமன்றம் 2011-இல் அவரைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. விசாரணையில்லாமல் நீக்கியது தவறு என்ற தீர்ப்பு சரியானது. பத்தொன்பது வயதுப் பிள்ளையின் படிப்பை ஒரே நாளில் முடித்துவிடும் கல்லூரி எதையும் கற்பிப்பதில்லை. ஆனால் அடையாளம் இல்லையென்றால் அவமதிப்பும் இல்லை என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. நம் கிராமங்களில் நஞ்சுக்கொடியைக் கேட்டு வாங்கிப்போய் நாய் தோண்டாத ஆழத்தில் குழி வெட்டிப் புதைக்கிற குடும்பங்கள் உண்டு. உதிர்ந்த தொப்புள்கொடியைத் தாயத்தில் அடைத்துக் குழந்தையின் அரைஞாணில் கட்டுவார்கள். அவர்களுக்கு அது மருத்துவமனைக் கழிவு அல்ல, பிள்ளையோடு வந்தது.

இருக்கட்டும், அடையாளம் உண்மையிலேயே மறைகிறதா என்றும் பார்ப்போம். ராசிபுரம் சந்தைக்குப் போகிற ஒருவருக்கு முகம் தேவையே இல்லை. முழங்கையில் குத்திய பச்சை, காதில் தொங்கும் தண்டட்டி, கழுத்துத் தாலியின் வடிவம் போதும். தாலியைப் பார்த்தே என்ன சாதி, எந்தப் பக்கத்துக்காரி என்று சொல்லிவிடுகிற ஊர்கள் இவை. படத்தின் ஓரத்தில் கட்டில் எண் எழுதிய பலகை தெரியும், கேஸ் ஷீட்டின் முனை தெரியும், சன்னலுக்கு வெளியே எந்த ஆஸ்பத்திரி என்பது தெரியும். விரல்நுனியால் முகத்தில் ஒரு பொம்மையை ஒட்டிவிட்டு மறைத்துவிட்டோம் என்று நினைப்பது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது.

நோயாளியே சம்மதித்தார் என்பது அடுத்த வாதம். இதற்கு வலு இருக்கிறது. தன் நோயைப் பற்றித் தானே உலகுக்குப் பேச ஒருவருக்கு முழு உரிமை உண்டு, புற்றுநோயை வென்றவர்கள் பேசியதால் பலர் பரிசோதனைக்குப் போயிருக்கிறார்கள். ஆனால் படுக்கையில் கிடப்பவரிடம் கேட்கப்படும் சம்மதம் வேறு. ராத்திரி வலி எடுத்தால் கூப்பிட வேண்டிய சிஸ்டர், பெட்பேன் வைக்க வேண்டிய சிஸ்டர் ‘ஒரு செல்ஃபி எடுத்துக்கலாமா பாட்டி’ என்று சிரித்துக் கேட்டால், முடியாது என்று சொல்லும் தைரியம் எத்தனை பாட்டிகளுக்கு இருக்கும்? பச்சிளங்குழந்தைக்குச் சம்மதம் என்ற பேச்சே இல்லை. சென்னையில் 2024-இல் ஒரு யூடியூபர் தன் குழந்தையின் தொப்புள்கொடியைத் தானே வெட்டுவதை அறுவைசிகிச்சை அரங்கத்திலேயே படமெடுத்து வெளியிட, அந்தத் தனியார் மருத்துவமனைக்கு அபராதமும் பத்து நாள் தடையும் விதிக்கப்பட்டன. பெற்றோருக்கு முழுச் சம்மதம்தான். பிறந்த நிமிடத்திலேயே லட்சக்கணக்கானோர் பார்வைக்குப் போன பிள்ளையிடம் கேட்டவர் யார்?

எல்லாவற்றிலும் கனமான மறுப்பு, இந்த மௌனம் குற்றத்துக்குத் துணைபோகும் என்பது. இதை லேசாகத் தள்ள முடியாது, ஏனென்றால் நடந்ததும் இந்த மண்ணில்தான். 2019 ஏப்ரலில் ராசிபுரத்தில், அரசு மருத்துவமனையில் பணியாற்றி விருப்ப ஓய்வு பெற்ற ஒரு பெண், குழந்தைகளுக்கு விலை பேசும் தொலைபேசி உரையாடல் வாட்ஸ்அப்பில் பரவியது. முப்பது வருடமாக இதைச் செய்வதாக அந்தக் குரல் சொன்னது. அதைத் தொடர்ந்தே கைதுகள் நடந்தன, வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது, கொல்லிமலைக் குழந்தைகள் கைமாறியது வெளியே வந்தது. அப்படியானால் சமூக ஊடகம் இல்லாதிருந்தால்? நியாயமான கேள்வி. ஆனால் அந்த ஒலிப்பதிவில் வெளியே வந்தது விற்றவரின் குரல், பெற்றவளின் முகம் அல்ல. மௌனத்தில் இரண்டு வகை இருக்கிறது. நோயாளியைக் காப்பது ஒன்று, நோயாளிக்கு அநீதி செய்தவரைக் காப்பது மற்றொன்று. முப்பது வருடம் நீடித்தது இரண்டாவது. அடைக்கலப் பொருளைத் திருடுகிறவனைக் கண்டு வாய் மூடியிருப்பதும் அடைக்கலத்துக்குச் செய்த துரோகமே. 2023-இல் திருச்செங்கோடு அரசு மருத்துவமனையில் குழந்தை விற்பனை தொடர்பாக ஒரு மருத்துவரும் இடைத்தரகரும் கைதானார்கள். பெற்றோர் கொடுத்த புகாரே அதற்குப் போதுமாக இருந்தது. குழந்தைகள் மீதான பாலியல் குற்றம் தெரிந்தால் காவல்துறைக்குச் சொல்ல வேண்டும் என்று போக்சோ சட்டம் கட்டாயப்படுத்துகிறது. பாதிக்கப்பட்ட குழந்தையின் அடையாளத்தை ஊடகத்தில் வெளியிடக் கூடாது என்பதும் அதே சட்டம்தான். எச்.ஐ.வி. சட்டமும் ஆபத்திலிருக்கும் துணைவருக்குச் சொல்ல, உரிய நிபந்தனைகளோடு, வழி விடுகிறது. யாருக்குத் தெரிந்தால் காப்பாற்ற முடியுமோ அவருக்குச் சொல், எல்லோருக்கும் காட்டாதே என்ற ஒரே நியாயம்தான் இவற்றுக்கெல்லாம் அடியில் இருக்கிறது.

செவிலியர்களை மட்டும் ஏன் பிடித்துக்கொள்கிறீர்கள் என்ற கேள்விக்கு நான் தலைவணங்குகிறேன். ரீல்ஸ் மீது கிளம்பும் கோபத்தில் பாதி, இளம்பெண்கள் சிரித்து ஆடுவதைச் சகிக்காத பழைய கோபம். விடுதி மொட்டைமாடியில் சீருடையோடு ஆடினால் அது யாருக்கும் துரோகம் இல்லை. அரிய அறுவைசிகிச்சை என்று நோயாளியின் படத்தோடு விளம்பரம் போடுகிற நிர்வாகங்களும், ஆப்பிளும் ரொட்டியும் கொடுத்து வார்டில் புகைப்படம் எடுத்துக்கொள்கிற அரசியல்வாதிகளும் இதே தவறைப் பெரிய அளவில் செய்கிறார்கள். அவர்களுக்கு நோட்டீஸ் போவதில்லை. கொரோனா காலத்தில் ஒப்பந்தத்தில் எடுத்துப் பணிநீட்டிப்பு மறுக்கப்பட்ட செவிலியர்கள் 2023 தொடக்கத்தில் போராடியபோது அவர்கள் குரல் ஊருக்குக் கேட்டதில் கைபேசிக்குப் பங்கு உண்டு. தன் சம்பளத்தை, தன் இரவு டூட்டியை, ஒரு வார்டுக்கு ஒரே ஒருவராக ஓடுவதை ஒரு செவிலியர் எங்கே வேண்டுமானாலும் பேசட்டும். அது அவருடைய பாடு, அவருக்குச் சொந்தம். நெறிமுறை என்ற பெயரில் அந்த வாயையும் அடைக்கப் பார்க்கிற நிர்வாகம் விதியைத் தன் வசதிக்குத் திருப்புகிறது.

ஆகவே என் வேண்டுகோள் முதலில் நிர்வாகங்களுக்கு: மாணவியிடம் உறுதிமொழி வாங்குவதற்கு முன் உங்கள் சமூக ஊடகப் பக்கத்தில் இருக்கும் நோயாளிகளின் படங்களை நீக்கிவிடுங்கள். ஆசிரியர்களுக்கு: முதன்முறை வார்டுக்கு அனுப்பும் நாளின் காலையில், தண்டனையைச் சொல்லி மிரட்டாமல், அடைக்கலத்தின் காரணத்தை அரைமணி நேரம் பேசுங்கள். மாணவிகளுக்கு: கட்டிலில் கிடப்பவர் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் கைபேசியை எடுக்காதீர்கள். வாசகருக்கும் ஒன்று உண்டு. தெரிந்த பெண் ஒருத்தியின் ஸ்டேட்டஸில் ஒரு நோயாளியைப் பார்த்தால் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து நாலு குழுவுக்கு அனுப்பி நியாயம் கேட்காதீர்கள். அவளைத் தனியாகக் கூப்பிட்டு, எடுத்துவிடும்மா என்று சொல்லுங்கள்.